பச்சைப் புள்ளி இசைத்தட்டு

இசைத்தட்டைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் போதும். அதற்கென்று புட்டியில் விற்கும் திரவங்களை வாங்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நடுவில் இருக்கும் காகித லேபிளில் மட்டும் ஈரம் படக்கூடாது. உங்கள் வானொலி நிகழ்ச்சியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், யாருக்காவது பயன்படும்.

ஒலிப்பதிவு ஓடுகிறதா? நல்லது. பச்சைப் புள்ளியைப் பற்றிக் கேட்டீர்கள்.

1991இல் வந்த தட்டு அது. கிடங்குகளிலும் வயல்களிலும் ஆயிரக்கணக்கில் கூடி ஆடிய ரேவ் காலம். வெள்ளை லேபிள். பெயர் இல்லை, ஊர் இல்லை, பச்சை மையில் ஒரு புள்ளி மட்டும். பாட்டின் நடுவே ஒரு பெண் குரல் வரும். வேகத்தைக் கூட்டிக் கீச்சென்று ஆக்கியிருப்பதால் சொற்கள் பிடிபடாது. நாங்கள் அதைத் தேவதை என்போம். உலகத்தில் நான்கு தட்டுகள்தான் இருப்பதாகக் கணக்கு. ஒன்று என்னுடையது. எங்கள் இணையக் குழுவில் அசலா போலியா என்று தீர்ப்புச் சொல்கிறவனும் நான்தான்.

தட்டு சேர்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தட்டைக் கையில் வாங்கியதும் லேபிளைப் பார்க்க மாட்டோம். விளக்குக்கு அடியில் சாய்த்து, பாட்டு முடிந்த பிறகு வரும் வழவழப்பான வளையத்தைப் பார்ப்போம். தொழிற்சாலையில் அங்கேதான் கையால் எண் கீறுவார்கள். பச்சைப் புள்ளியில் ஏழு இலக்கங்கள் கீறியிருந்தன. பதினெட்டு வருடம் அதைத் தொழிற்சாலை எண் என்றே நினைத்தோம். பர்மிங்ஹாமில் இருக்கும் ராய்ஸ்டன் அதற்காக ஓர் அட்டவணையே போட்டு வைத்திருந்தான்.

"டேய் நைஜல், இது எந்தத் தொழிற்சாலை வரிசையிலயும் அடங்க மாட்டேங்குதுடா," என்பான். "மனுசன் செஞ்சதுதானா, வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

2009இல் ஒரு வியாழக்கிழமை மதியம், எங்கள் தெருவில் குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவரின் பழைய வேன் நின்றது. பக்கவாட்டில் அவருடைய தொலைபேசி எண் மங்கிப்போய்த் தெரிந்தது. அந்தக் காலத்து லண்டன் எண். ஏழு இலக்கம். நான் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிற்காலத்தில் எங்கள் பக்கத்து எண்களுக்கு முன்னால் ஓர் எட்டைச் சேர்த்தார்கள். நானும் தட்டில் கீறியிருந்த ஏழு இலக்கங்களுக்கு முன்னால் ஓர் எட்டைச் சேர்த்து அழைத்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். ஹலோ என்று சொல்லவில்லை.

"ஷெரில்?" என்று ஒரு பெண்மணி கேட்டார்.

அவர் பெயர் டோரீன் டாப்லி. எழுபத்து நான்கு வயது. லண்டனின் கிழக்கு ஓரத்தில் டாகனம் என்ற இடத்தில் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. மறுநாளே போனேன். தேநீர் கொடுத்தார், எல்லாவற்றையும் சொன்னார். மகள் ஷெரில் பதினேழு வயதில் சண்டை போட்டுக்கொண்டு ரேவ் கூட்டத்தோடு வேனில் ஏறிப் போய்விட்டாள். மகன் க்ளென் பின்னறையில் உட்கார்ந்து இந்தத் தட்டைச் செய்தான். குரல் டோரீனுடையது.

"அடுப்படியில நிக்க வெச்சு மைக்க நீட்டினான், கண்ணு. 'வீட்டுக்கு வா செல்லம், அம்மாவுக்குக் கோபம் இல்ல'ன்னு சொல்லச் சொன்னான். அப்புறம் அத எலி கத்துற மாதிரி ஆக்கிட்டான். அப்பத்தான் டிஜேங்க போடுவாங்களாம்."

"எண்ணை ஏன் அங்கே கீறினாங்க?"

"அவ பேப்பர் படிக்க மாட்டா, டிவி பாக்க மாட்டா. ஆனா எந்தத் தட்டு ஓடுதுன்னு எட்டிப் பாப்பா, கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாப்பான்னு க்ளென் சொன்னான். அந்தப் பைத்தியம் அவளுக்கு உண்டு."

"பச்சைப் புள்ளி?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லேபிள் அச்சடிக்கக் காசு ஏது? மொட்டையா இருந்துச்சு. பிங்கோ ஆடுறப்ப நம்பர் மேல மை குத்துவோமே, அந்தப் பேனாவால நான்தான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு குத்து வெச்சேன். அழகா இருக்கட்டும்னு."

இருநூறு செய்தார்களாம். க்ளென் நாலு வருடம் கழித்து மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டான். மிச்சம் அலமாரியில் இருந்தது. முப்பத்தேழு தட்டுகள், ஊசி படாதவை. பெட்டியை அவரே என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு யாரத் தெரியும்? உனக்குத்தான் இந்தப் பசங்கள எல்லாம் தெரியுமே. ஆளுக்கு ஒண்ணு குடு, கண்ணு. எங்கயாவது எவனாவது போடுவான். அவ காதுல விழும்."

கொடுக்கிறேன் என்றேன். சொன்னபோது கொடுக்கத்தான் நினைத்தேன் என்று ஞாபகம்.

வினைல் தட்டு சுலபமாக உடையாது, வளையும். அடுப்பில் இளஞ்சூட்டில் வைத்தால் தோசை மாதிரி மடித்துவிடலாம். முப்பத்தேழுக்கும் இரண்டு மதியங்கள் ஆயின. ஒன்றைக்கூட எனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. நான் பேராசைக்காரன் இல்லை. ஆனால் நாற்பத்தொரு தட்டுகள் இருந்தால் அது பச்சைப் புள்ளியே இல்லை. முதல் தடவை அதைக் கையில் வாங்கியபோது ராய்ஸ்டன் அழுதான். ஐம்பது வயது ஆள். அவனிடம் போய், அது பிங்கோ மை, தேவதை டாகனத்தில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

டோரீனை நான் கைவிடவில்லை. வியாழன்தோறும் போனேன். கடைச் சாமான்களை மாடிக்குத் தூக்கிப்போய் வைப்பேன். அவர் இறைச்சியும் மசித்த கிழங்கும் வைத்துச் சுட்ட பை செய்வார், இரண்டாம் தடவை கேட்காமலே வைப்பார். "லீட்ஸில் ஒருத்தன் போட்டான், கூட்டம் கேட்டது" என்பேன். அவர் முகம் மலர்ந்துவிடும். முழங்கால் வலிக்கு க்ளாக்டன் கடற்கரையில் தரைத்தள வீடு ஒன்று தருவதாக நகராட்சி எழுதியது. அவர் மறுத்துவிட்டார். "அங்க போனா நம்பர் மாறிடுமே," என்றார். தட்டுகள் எதுவும் மிச்சமில்லை என்று வேண்டுமானால் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

2012 மார்ச்சில் எனக்கு ஒரு செய்தி வந்தது. ஸ்பெயினிலிருந்து. அதை அப்படியே வைத்திருக்கிறேன், படிக்கிறேன்.

"இன்டர்நெட்ல உங்க தட்டுலேர்ந்து அரை நிமிசம் கேட்டேன். மெதுவா ஓட்டிப் பாத்தேன். எங்க அம்மா குரல் மாதிரி இருக்கு, 'வீட்டுக்கு வா'ன்னு கூப்பிடுற மாதிரி கேக்குது. என் பேரு ஷெரில். 'நீ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் திரும்பி வருவேன்னு பாக்குறேன்'னாங்க அம்மா, நான் கிளம்பின அன்னிக்கு. அது அவங்க குரல்தான்னா இன்னிக்கே போன் பண்றேன். இல்லேன்னா அவங்கள நான் தொந்தரவு பண்ண மாட்டேன். உங்களுக்குத்தான் இதப்பத்தி எல்லாம் தெரியும்னு சொன்னாங்க. கொஞ்சம் சொல்றீங்களா?"

எனக்குப் பயம் வந்தது, அதை மறைக்கவில்லை. பிறகு அது போய்விட்டது, வேறு எதுவும் வரவில்லை. இருபது நிமிடத்தில் பதில் எழுதினேன். அந்தக் குரல் ஓர் அமெரிக்கத் தேவாலயப் பாடகியுடையது, பழைய தட்டிலிருந்து எடுத்தது என்று எழுதினேன். 1974 என்று ஆண்டைக்கூடக் குறிப்பிட்டேன். மரியாதையான கடிதம்தான், எங்கும் கடுமை இல்லை.

அவளும் மரியாதையாகவே பதில் போட்டாள். "நன்றி. நானும் அப்படித்தான் நெனச்சேன். எங்க அம்மா அப்படிப் பேசுற ஆளு இல்ல."

மறுநாள் வியாழக்கிழமை. டோரீன் கதவைத் திறந்ததும் வழக்கம்போல, "ஏதாச்சும் தெரிஞ்சுதா, கண்ணு?" என்றார். இன்னும் இல்லை என்றேன். பை சூடாக இருந்தது, சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அவர் நான்கு வருடம் உயிரோடு இருந்தார். அந்த நான்கு வருடத்தில் ஒரு வியாழனைக்கூட நான் தவறவிட்டதில்லை.

ஷெரிலை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், அவள் எல்லாம் தெரிந்துகொண்டாள் என்கிறீர்கள். சரி. தட்டுகளை மடித்தவன் நான். கடிதம் எழுதியவன் நான். அம்மா உயிரோடு இருக்கிறார், போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துதான் எழுதினேன். நிகழ்ச்சியில் இதை வெட்டாமல் போடுங்கள்.

ஆனால் டோரீனை நான் ஏமாற்றிவிட்டதாகச் சொல்கிறீர்களே, அது மட்டும் சரியில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவருக்குக் கண் தெரியவில்லை. என் கையைத் தடவிப் பார்த்து, "ஷெரிலா?" என்று கேட்டார். "ஆமாம்மா, வந்துட்டேன்" என்றேன். அவர் நிம்மதியாகத்தான் போனார். அவர் கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது.