ஆஸ்டல் என்றால் ஆஸ்பத்திரி அல்ல

அவைக்கு அணியாகவும் ஊருக்கு அரணாகவும் வீற்றிருக்கும் தலைவர், ஐயா வீரசிங்கம் அவர்களே! அவருக்கு இருமருங்கிலும் அமர்ந்து என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கணக்குப் பார்க்கும் பெரியோர்களே! மிளகும் ஏலமும் கொக்கோவும் விற்று எங்களுக்கு எழுத்தும் ஏடும் வாங்கித் தந்த வர்த்தகப் பெருமக்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு ரத்தோட்டை பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து சேர்ந்த என் தோட்டத்துத் தாய்மார்களே! திரைக்கு அப்பால் அமர்ந்து, இப்பால் நடப்பதை எல்லாரையும்விட நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும் உம்மாமார்களே, சகோதரிகளே! உங்கள் அனைவருக்கும் அழகர்சாமி கணக்கப்பிள்ளையின் மகள் மங்களேஸ்வரியின் வணக்கமும் ஸலாமும்.

சர்வகலாசாலையில் விடுதி வாழ்க்கை என்பது தலைவர் எனக்குத் தந்த தலைப்பு. கொழும்பில் தங்கிப் படிப்பவள் என்பதால் அழைத்திருக்கிறார். அழகான தலைப்பு, அடக்கமான தலைப்பு. ஆனால் சபையோரே, இன்று இந்த மண்டபம் நிரம்பி வழிவது தலைப்புக்காகவா? என் தமிழைக் கேட்கவா இத்தனை கூட்டம்? இல்லை! இரண்டாம் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே புடவைக்கடை றஹீம் நானா, அவர் என்ன முடிவு எடுக்கப் போகிறார் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள். நானும் அதற்குத்தான் வந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானாவின் மகள் நூருன்னிஸாவுக்குச் சர்வகலாசாலையில் இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் விடுதியில் அவளுக்கு ஒரு கட்டிலும் ஒதுக்கியாயிற்று. திங்கட்கிழமை அவள் வந்து சேராவிட்டால் அந்தக் கட்டில் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். நானாவோ மஹ்ரூப் நானாவின் கொக்கோக் கடையில் வைத்து நாலு பேர் அறியச் சொல்லிவிட்டார்: “படிப்பிக்க எனக்கு மனசு ஈக்கிது. தங்க வெக்கத்தான் மனசு வருதில்ல. தாயில்லாத புள்ள. காய்ச்சல் தலவலி வந்தா அங்க ஆருக்குத் தெரியப் போகுது?”

அதோ, அவருக்குப் பின்னால் ஓர் அண்ணன், “சரியான கேள்வி!” என்கிறார். ஆமாம் அண்ணா, சரியான கேள்விதான். இதைப் பழமை என்று பழிக்கமாட்டேன், மடமை என்று இகழமாட்டேன். இது பயம். பெற்ற மனத்தின் பயம். பயத்துக்குப் பிரசங்கம் மருந்தாகுமா? ஆகாது. ஆகவே என் அம்மாவுக்கு நேர்ந்த ஒரு குளறுபடியைச் சொல்லப் போகிறேன். அம்மா மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்ளாதீர்கள் அம்மா, இதைச் சொல்லத்தான் வேண்டும்.

உலக யுத்தம் முடிந்த வருஷம் அது. எனக்குச் சர்வகலாசாலையில் இடம் கிடைத்தது. அப்பாவுக்குத் தோட்டத்துத் துரை லீவு கொடுக்கவில்லை. மஹ்ரூப் நானாவும் அவர் மனைவி றாபியா மாமியும்தான் என்னை ரயிலேற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். விடுதியில் சேர்த்ததும் மஹ்ரூப் நானா கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து தம் மாத்தளைக் கடைக்கு டெலிபோனில் சொன்னார்: “மங்களேஸ்வரிய ஆஸ்டல்ல அட்மிட் பண்ணியாச்சு. வார்டன் நல்ல மனிசி. பயப்பட வேணாம்னு சொல்லி அனுப்புங்க.”

கடையில் இருந்தவர் ரத்தோட்டை பஸ் கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர் எங்கள் தோட்டத்துத் தபால்காரரிடம் சொன்னார். வழியில் யாரும் ஒரு பொய்யும் சேர்க்கவில்லை. ஒரே ஒரு திருத்தம்தான் செய்தார்கள். “ஆஸ்டலாமில்ல ஆஸ்டல்! ஆஸ்பத்திரின்னு வாயில நுழையல போல” என்று கண்டக்டரின் உச்சரிப்பைத் தபால்காரர் திருத்தினார். அட்மிட் என்றால் என்ன என்று தோட்டத்துக்கே தெரியும், யாரை எங்கே அட்மிட் பண்ணுவார்கள் என்று தெரியும். வார்டன் என்றால்? வார்டில் இருக்கும் நர்ஸம்மா! எல்லாம் பொருந்திவிட்டது. போதாததற்கு, பயப்பட வேண்டாம் என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார்களே! அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்: “பயப்பட வேணாம்னு எப்பச் சொல்லுவாங்க? பயப்படுற மாதிரி இருந்தாத்தானே சொல்லுவாங்க!”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. அடுத்த லயத்து வரிசை வீட்டு அக்காமார் ஓடிவந்தார்கள். ஒருத்தி கையில் வேப்பிலை, ஒருத்தி கையில் கொத்தமல்லி, ஒருத்தி கையில் முத்துமாரி அம்மன் திருநீறு. என்னைத் தீச்சட்டி எடுக்க வைப்பதாக ஒருத்தி வாய்தவறி நேர்ந்தேவிட்டாள். வராத காய்ச்சலுக்கு, வந்த லீவில் நான் தீச்சட்டி தூக்கிய கதையை இன்னொரு நாள் அவளிடமே கேளுங்கள். ஆஸ்பத்திரி என்று கேட்டதும் துரையும் லீவு கொடுத்துவிட்டார். வழியில் விசாரித்தவர்களுக்கெல்லாம் அழுதபடி சொல்லிக்கொண்டே அப்பாவும் அம்மாவும் மாத்தளை ஸ்டேஷனுக்கு ஓடினார்கள்.

ரயில் புறப்படும் நேரம். பிளாட்பாரத்தில் ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். கையில் ஒரு போத்தல் தண்ணீர். ஜன்னல் வழியே என் அம்மாவிடம் நீட்டினார்: “தங்கச்சி, பள்ளியில ஓதி வாங்கின தண்ணி. மகளுக்கு ஒரு மிடறு குடுங்க. அல்லாஹ் ஈக்கிறான்.” யார் அவர்? கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடிவந்த அந்த மனிதர் யார்? மின்விசிறியைப் பாராதீர்கள் நானா. அது நீங்கள்தான்! உங்கள் சொந்தமில்லை நான், உங்கள் சமயமில்லை நான். உங்களிடம் துணி கடனுக்கு வாங்கும் வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான். அப்படியிருந்தும் ஓடிவந்தீர்கள். நான் நலமாக இருந்தேன் என்பது பிறகு உங்களுக்குத் தெரிந்தது. அந்தத் தண்ணீர் என்ன ஆனது என்று மட்டும் உங்களுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

விடுதி வாசலில் சிங்களக் காவற்காரர் ஒருவர். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்று அப்பாவை நிறுத்திவிட்டார். அம்மா தமக்குத் தெரிந்த சிங்களத்தில், “மகே துவ லெடத?” என்று கேட்டார், என் மகளுக்கு உடம்பு சரியில்லையா என்று. காவற்காரர் முகம் வாடிற்று. ஆமாம், பாவம், மேலே படுத்திருக்கிறது பிள்ளை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அன்று எங்கள் விடுதியில் உண்மையிலேயே ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடந்தாள்.

அம்மா படியேறினார். ஓர் அறை திறந்திருக்கிறது. கட்டிலில் தலை வரை போர்த்திக்கொண்டு ஒரு பெண். பார்த்தாரோ இல்லையோ, “ஐயோ, எம் மகளே!” என்று கதறி, கட்டிலில் விழுந்து, போர்வையோடு சேர்த்து அள்ளி அணைத்து, உச்சி மோந்து, போர்வையை விலக்கிப் பார்க்கிறார். முகம் வேறு! கல்முனையிலிருந்து படிக்க வந்த ஸுலைஹாவின் முகம். கட்டிலின் மறுமுனையில் அவள் காலுக்குத் தைலம் தேய்த்தபடி, குத்துக்கல் மாதிரி நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா என்னைப் பார்த்தார். “ஏண்டி, நீ நல்லாத்தான் இருக்கியா?” என்று கேட்டுவிட்டு முதுகில் வைத்தார் ஓர் அறை. வந்த வழியெல்லாம் அழுத அழுகைக்கு அதுதான் கூலி. பிறகுதான் கட்டிக்கொண்டார்.

என் தாய்மார்களே, ஆஸ்டல் வேறு ஆஸ்பத்திரி வேறு என்று அம்மாவுக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டார். சரி, மகள் நலம், மூட்டையைக் கட்டலாம், அல்லவா? அம்மா கிளம்பவில்லை. ஸுலைஹாவின் நெற்றியில் வைத்த கையை எடுக்கவில்லை. அப்பா வாசலில் காத்திருக்கிறாரே என்றேன். அப்போது என் தாய், எழுதப் படிக்கத் தெரியாத தங்கம்மா, சொன்ன சொல் இது: “ஒருதரம் மகளேன்னு கூப்பிட்டுட்டேன். இனி எப்படிடி விட்டுட்டுப் போறது?”

அப்புறம்தான் அந்த அறையை அம்மா சுற்றிப் பார்த்தார். பார்த்தது என்ன? ஈரத்துணியும் கையுமாக ஒரு பெண் நிற்கிறாள், கேகாலைக் குஸுமா. அவளுக்குத் தமிழ் தெரியாது, ஸுலைஹாவுக்குச் சிங்களம் தெரியாது. துணி காய்ந்தால் நனைக்க எந்தப் பாஷை வேண்டும்? மூலையில் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது. டாக்டர் வந்து கொடுத்துவிட்டுப் போன மருந்து ஜன்னலில் இருக்கிறது. மூத்தவர்களுக்குப் பரீட்சை நெருங்கியும் எல்லாரும் முறைவைத்து உட்கார்ந்திருக்கிறோம். வீட்டுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள், வாப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று ஸுலைஹா எங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள்.

நானா, அம்மா உங்கள் போத்தலைத் திறந்தார். ஓதின தண்ணீர் என்றதும் ஸுலைஹா தானே எழுந்து உட்கார்ந்தாள். பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தாள். அதுவரை எங்கள் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை, என் அம்மாவின் தோளில் சாய்ந்து, “உம்மா” என்று அழுதாள். மாத்தளைப் பள்ளிவாசல் தண்ணீர், மாரியம்மன் திருநீறு பூசிய கையால், கல்முனைப் பிள்ளையின் தாகம் தீர்த்தது. உங்கள் கருணை வீணாகவில்லை நானா. உரிய வாய்க்குத்தான் போய்ச் சேர்ந்தது.

அந்நேரம் வார்டன் அம்மையார் வந்துவிட்டார். வெளியார் தங்கக்கூடாது என்பது சட்டம். யார் இவர் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் குஸுமா முந்திக்கொண்டு இங்கிலீஷில் சொன்னாள், இவர் எங்கள் அம்மா என்று. வார்டன் ஒரு நிமிஷம் எல்லார் முகத்தையும் பார்த்தார். அம்மா என்றால் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார். அப்பாவை முதலில் அனுப்பிவிட்டு, காய்ச்சல் இறங்கிய பிறகுதான் அம்மா ஊர் திரும்பினார்.

லயத்து அக்காமார் சூழ்ந்துகொண்டு, “ஆஸ்டல்னா என்னக்கா?” என்று கேட்டபோது அம்மா சொன்னாராம்: “அங்க ஒருத்தி இருமினா நாலு கதவு திறக்குதுடி.” இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பேராசிரியர் சொல்வார்?

அங்கே எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல வரவில்லை. குளியலறைக்கு வரிசையில் நின்று சண்டை போட்டிருக்கிறோம். வீட்டு ஞாபகத்தில் குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் அழுதிருக்கிறேன். சோறு எப்படி என்று கேட்கிறாரா அந்தத் தம்பி? சோற்றில் கல் பொறுக்கும் கலையில் எங்களுக்கு இப்போதே பட்டம் தரலாம்! முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஹலாலாகச் சமைக்கத் தனி அடுப்பு உண்டு நானா, கல் மட்டும் எல்லாச் சமயத்துக்கும் பொது.

விடுதி என்றால் என்ன? நாலு சுவரா? நீண்ட கூரையா? வேளைக்கு அடிக்கும் மணியா? அல்ல, அல்ல, அல்லவே அல்ல! விடுதி என்ற சொல்லுக்குள் ‘விடு’ என்றொரு சொல் இருக்கிறது. பெற்றவர் பிடித்த கையை விடவேண்டும், பிள்ளை பழகிய வாசலை விடவேண்டும். வலிக்கத்தான் வலிக்கும். ஆனால் எங்கள் தமிழைப் பாருங்கள். அந்த ‘விடு’வைச் சற்றே நீட்டிச் சொன்னால் ‘வீடு’! ஊர்விட்டு ஊர் வந்த பிள்ளைகள் ஒருத்திக்கு ஒருத்தி உறவாகி, ஒருத்திக்காக ஒருத்தி விழித்திருந்து, அந்தக் குறிலை நெடிலாக்குகிறோம். லக்கலையிலிருந்து வந்தாலும் சரி, ரிவர்ஸ்டன் மலையிலிருந்து இறங்கினாலும் சரி, அங்கே அவள் தனியாள் அல்லள். தாயில்லாத பிள்ளை என்றீர்கள் நானா. என் அம்மா ஒருமுறை ஆள்மாறிக் கூப்பிட்டதற்கே அந்த விடுதிக்குத் தாயாகிவிட்டார். நூருன்னிஸாவை அவர் விட்டுவிடுவாரா?

மணி அடிக்கிறீர்களா தலைவர் அவர்களே? முடித்துவிடுகிறேன். ஆனால், நானா, ஏன் எழுந்துவிட்டீர்கள்? போகிறீர்களா? இல்லை, யாரும் அவரை உட்காரச் சொல்லாதீர்கள். அவர் ஏதோ சொல்ல வருகிறார். சொல்லுங்கள் நானா, கேட்கிறேன்.

பின் வரிசைக்குக் கேட்டிருக்காது. அவர் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்கிறேன்: “மகள், நூருன்னிஸாட உம்மா மவுத்தான நாள்ள இருந்து அவட தலைய நான்தான் பின்னி உடுறேன். அவளுக்குத் தனியப் பின்னத் தெரியா. அங்க ஆரு பின்னி உடுவாங்க?”

யாரும் சிரிக்கவில்லை. நன்றி சபையோரே, சிரிக்காததற்கு நன்றி.

நானா, நான் பின்னி விடுகிறேன். நான் படுத்துக் கிடந்தால் குஸுமா பின்னி விடுவாள். ஆனால் அவளுக்குப் பழகிய கை உங்கள் கை. நீங்கள் எப்படிப் பின்னுவீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லித் தாருங்கள். இறுக்கியா, தளர்த்தியா?

தளர்த்தியாம், சபையோரே. இறுக்கினால் பிள்ளைக்கு நோகுமாம்.

தலைவர் அவர்களே, இத்தோடு முடிக்கிறேன். இதுவரை பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கும் என் நன்றி. திரைக்கு அப்பால் விம்முகிறாயே நூருன்னிஸா தங்கச்சி, திங்கட்கிழமை காலை ரயிலுக்கு வந்துவிடு, சீப்பை மறக்காதே. எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.