இருட்டில் எண்ணிய தலைகள்

இரவு ஒன்று நாற்பது. வறண்ட ஏரியிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் மண்சாலை. விளக்கு கிடையாது, வீடு கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. ஒரு பெண் நடந்து வருகிறாள். தனியாக... தனியாகத்தான் என்று நினைத்துக்கொண்டு.

போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள். மேகம் இப்போதைக்கு விலகாது. தொலைநோக்கிகளை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் இந்தக் கதையைக் கேட்கலாம்.

"நம்ம கிளப்பா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

இல்லை. மலைக்கு அந்தப் பக்கக் கல்லூரி. நம்முடையதைப் போலவே இரண்டு வருடக் கல்லூரி. பாதிப் பேருக்கு வேலை, மீதிப் பேருக்கு இரண்டு வேலை. வானியல் கிளப், ஒரு வெள்ளை வேன், அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமைகளில் அந்த வறண்ட ஏரி. என்னோடு வெல்டிங் வகுப்பில் டீலியா என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய பெரியம்மா மகளுக்கு நடந்தது இது. பெயர் ரொசால்பா. பகலில் வகுப்பு, விடியுமுன் டோனட் கடை. கடை திறக்கிற சாவி அவளிடம்தான் இருந்தது.

ரொசால்பாவுக்கு யார் குரலும் வரும். டீன் பேசுவதைப் பேசுவாள், கேன்டீன்காரர் திட்டுவதைத் திட்டுவாள். எல்லோரையும் விட நன்றாக வந்தது எம்மெட்டின் குரல். அதைக் கேட்டு எம்மெட்டே விழுந்து விழுந்து சிரிப்பான்.

எம்மெட் ஒல்லிப் பையன். வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. வெள்ளரி ஊறுகாய் சுவை போட்டது. அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தில் புளித்த வாசனை இருக்கும், விதை ஓடு கிடக்கும். எல்லோரும் ஒரு பக்கம் வானத்தைப் பார்த்தால் அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரியின் மறுகோடிக்குப் போய்விடுவான். திரும்பி வந்தால் யாரிடமும் சொல்லாமல் வேனின் கடைசி சீட்டில் படுத்துத் தூங்குவான்.

வெள்ளை வெளிச்சம் கூடாது என்பது அங்கேயும் விதி. சிவப்பு டார்ச் மட்டும். போனைத் திறந்து, இருட்டுக்குப் பழகிய எல்லோர் கண்ணையும் கெடுத்தவன் அடுத்த முறை டோனட் வாங்கித் தர வேண்டும். ஆனால் அவர்கள் நம்மை விடக் கறார். வேனுக்குள் இருக்கும் விளக்கின் மேலும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். அதனால் கிளம்பும்போது தலைகளைக் கண்ணால் எண்ண முடியாது. ஆளுக்கு ஒரு நம்பர். இருட்டில் அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டும். நாம் விளக்கைப் போட்டு, முகத்தைப் பார்த்து எண்ணுகிறோமே... அது இதற்குப் பிறகு வந்தது.

ஜனவரி மாதம். குளிரில் தொலைநோக்கியின் கண்ணாடியில் பனி பூத்துக் கிளம்ப நேரமாகிவிட்டது. வண்டி ஓட்டியவர் ப்ரூயிட். மண்ணியல் ஆசிரியர், கிளப்புக்குப் பொறுப்பாளர்.

"சீக்கிரம் சொல்லுங்கப்பா, காலு மரத்துப்போச்சு."

ஒண்ணு. ரெண்டு. மூணு... ஆறு வரை வந்தது.

ஏழு எம்மெட். சத்தம் இல்லை.

"எம்மெட்?"

கடைசி சீட்டில் தூங்குகிறான் என்று ரொசால்பா நினைத்தாள். நினைத்தாளா, நினைக்க விரும்பினாளா... அது அவளுக்கே தெரியாது. தூங்குகிறவனை எழுப்பி, அவன் முனகி... அதற்குள் கடை திறக்க நேரமாகிவிடும். எழுந்து கையை நீட்டிக் கடைசி சீட்டைத் தடவியிருக்கலாம்.

எம்மெட் பேசுமுன் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவான். அவளும் செருமினாள்.

"ஏழு."

பிறகு தன் குரலில், வழக்கம்போல் இழுத்து, "எட்ட்டு."

கதவு இழுபட்டு மூடியது. வேன் கிளம்பியது.

கல்லூரி நிறுத்துமிடத்தில் எல்லோரும் இறங்கி அவரவர் காருக்கு ஓடினார்கள். நமக்கு விடுதியா இருக்கிறது, பக்கத்துக் கட்டில் காலி என்று யாராவது பார்க்க? எம்மெட்டின் கார் மட்டும் அங்கேயே நின்றது. அவன் அம்மா லொரீனுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தவர் மாலையில்தான் மகனைத் தேடினார்.

தேடிப் போனபோது மண்சாலையின் பாதியில் உயிரில்லாமல் கிடந்தான். ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தான். ரொம்பவும் குளிர்ந்தால் கடைசியில் உடம்பு எரிகிற மாதிரி இருக்குமாம். கையில் சிவப்பு டார்ச். அணையவில்லை.

ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து போலீஸ் வந்து ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். ஏழு என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. அவன் குரல்தான். சந்தேகமே இல்லை. ரொசால்பாவும் அதையே சொன்னாள்.

அப்படியானால் அவன் வேனுக்குள் இருந்திருக்கிறான். நம்பர் சொல்லிவிட்டு, கதவு மூடுமுன் சத்தமில்லாமல் இறங்கியிருக்கிறான். தானாகவே. வேண்டுமென்றே.

லொரீனிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

செப்டம்பரில் கிளப் சேர்க்கை நாள். தெரியுமே, புல்வெளி முழுக்க மேசைகள், இலவச பீட்சா, ஒரு பக்கம் செஸ் கிளப் கூவும், மறு பக்கம் மெக்சிகோ பாட்டுக்காரர்களின் மரியாச்சி கிளப் ட்ரம்பெட் ஊதும். வானியல் மேசையில் ரொசால்பா நின்று சிவப்பு டார்ச் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரவு வேலை முடிந்து, அதே நீலச் சீருடையில் லொரீன் வந்தார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அவனுக்கு அடுத்த நம்பர்தானேம்மா?"

"ஆமாங்க."

"கடைசியா அவன் குரல கேட்டது நீதான். எப்படி இருந்துச்சு? அழுத மாதிரி இருந்துச்சா?"

ட்ரம்பெட் நின்றுவிட்டது. சொல்ல நல்ல சமயம்.

"இல்லைங்க. எப்பவும் போலதான்."

லொரீன் தலையாட்டினார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் என்ன செஞ்சேன்னு தெரியல," என்றார். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து ரொசால்பா யார் குரலிலும் பேசவில்லை.

அக்டோபரில் மறுபடி போனார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ரொசால்பா பார்க்கவில்லை. திரும்பும்போது வேனுக்குள் சொல்லிவிடுவது என்று வந்திருந்தாள். இருட்டில் யார் முகமும் தெரியாது. சொல்லிவிடலாம்.

கிளம்புமுன் ஒதுங்கிவிட்டு வரப் புதர்ப் பக்கம் போனாள். கூப்பிடு தூரம்தான். உட்கார்ந்திருக்கும்போதே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒண்ணு. ரெண்டு.

"இருங்க, வரேன்!" என்று கத்தினாள்.

மூணு. நாலு. யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. எழுந்து ஓடினாள். அஞ்சு. ஆறு.

அப்புறம் ஒரு மூச்சு நேரம் மௌனம். ஏழாம் நம்பரை யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் எல்லோரும் ஒரு கணம் நிறுத்துவார்கள்.

அந்த மௌனத்தில்... யாரோ இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்கள்.

பிறகு வேனுக்குள்ளிருந்து, இழுத்து, அவள் குரலில்...

"எட்ட்டு."

கதவு இழுபட்டு மூடியது. பின்விளக்குகள் எரிந்தன. இரண்டு சிவப்புப் புள்ளிகள். கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். தொண்டை கிழிந்தது. புள்ளிகள் ஒன்றாகி, சிறுத்து, காணாமல் போயின.

எம்மெட்டும் இப்படிக் கத்தியிருப்பான். அதுவரை அவள் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

நடந்தாள். சரளைக்கல் மீது அவள் காலடி மட்டும். கொஞ்ச தூரம் போனதும் காற்றில் புளித்த வாசனை... வெள்ளரி ஊறுகாய். அப்புறம் ஒரு சின்னச் சத்தம். டிக். பல்லுக்கிடையில் ஓடு உடைகிற சத்தம். த்து. ஓட்டைத் துப்புகிற சத்தம். நின்றால் அதுவும் நின்றது. நடந்தால்... டிக். த்து.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிரு," என்றாள். டிக். "சொல்லத்தான்டா வந்தேன். சத்தியமா இன்னைக்குச் சொல்லத்தான் வந்தேன்." த்து.

சாலையின் பாதிக்கு வந்ததும் உடம்பு எரிந்தது. ஜனவரி இல்லை, அக்டோபர். அவ்வளவு குளிரும் இல்லை. ஆனாலும் எரிந்தது. ஜாக்கெட்டைக் கழற்றினாள். மடிக்க ஆரம்பித்தாள். ஒரு கையை மடித்த பிறகுதான் தான் செய்வது என்னவென்று தெரிந்தது. இழுத்து மாட்டிக்கொண்டு ஓடினாள். சத்தம் அங்கேயே நின்றுவிட்டது.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் எதிரே வேன் வந்தது. உள்விளக்கு எரிந்தது. டேப்பைக் கிழித்திருந்தார்கள். ஓட்டுநர் சீட்டில் ப்ரூயிட். இறங்கி வந்தவர் பக்கத்தில் வரவில்லை. நாலடி தள்ளியே நின்றார்.

"நீ வேன்லதான வந்தே," என்றார்.

அவள் தலையாட்டினாள். இல்லை.

"வந்தே. வழியெல்லாம் பேசிக்கிட்டு வந்தே. கடை சாவி, செருமினது, ஏழுன்னு நீ சொன்னது... எல்லாத்தையும் சொல்லி அழுதே. யாரும் திரும்பிப் பாக்கல. எப்படிப் பாக்குறது, சொல்லு. காலேஜ்ல வந்து கதவத் திறந்தா..."

நிறுத்திக்கொண்டார். அவள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய சீட்டில், விளக்கு வெளிச்சத்தில், ஒரு கைப்பிடி விதை ஓடு. ஈரமாக.

"கதவத் திறக்குறதுக்கு முன்னாடியே நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுட்டேன். அந்த அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

முன்சீட்டுக் கதவு திறந்தது. நீலச் சீருடை. லொரீன் இறங்கி, ரொசால்பாவின் பக்கத்தில் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அவர் அவளுடைய ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டார்.

இதற்கு மேல் லொரீன் கேட்டதை மட்டும்தான் டீலியா சொல்வாள். அவள் அக்கா ரொசால்பா அதற்குப் பிறகு நடந்ததை அவளிடமும் சொன்னதில்லையாம்.

"அவன் வேணும்னு போகல, இல்ல?" என்றார் லொரீன். "அது போதும் எனக்கு. இப்ப ஒண்ணே ஒண்ணு செய்யும்மா. அன்னைக்குச் சொன்ன மாதிரியே... அவன் குரல்ல, அந்த நம்பர எனக்கு ஒரு தடவ சொல்லு."