நோயர் என்றொரு சொல்

உப்புக் காற்றும் லாரிப் புகையும் ஒன்றாய் உலவும் இந்த ராயபுரத்து வீதியை, மாலைப் பொழுதில் மாபெரும் மன்றமாக மாற்றியிருக்கும் மதிப்புக்குரிய தலைவர், நம் கால்பந்துக் கழகத்தைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் அம்மையார் எழில்மொழி அவர்களே! முழங்கால் வலியை மறந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் ஆட்டக்காரர்களே! மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! இன்று கோப்பையை வென்று, காலில் சேறு உலராமல் நிற்கும் நம் பெண்கள் அணியின் பெருமைக்குரிய பிள்ளைகளே! நாங்கள் தெருவை அடைத்ததால் யானைக்கவுனி வரை சுற்றிப் போய்க்கொண்டிருக்கும் ஆட்டோ ஓட்டுநர்களே! அனைவருக்கும் கயிற்றுக் கடை வேதமாணிக்கத்தின் பணிவான வணக்கம்.

கால்பந்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். எனக்குக் கால்பந்து தெரியாது. யாரோ பின்னாலிருந்து ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்கிறார். ஐயா, முப்பது ஆண்டாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறு பேர் ஆறு விதமாகச் சொன்னார்கள். ஆறும் புரியவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு கோல்கீப்பர். இதோ, எனக்கு இடப்பக்கம் வீற்றிருக்கும் என் ஆருயிர் நண்பர் லியாகத் அலி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இந்தக் கழகத்தின் கோல் கம்பத்தைப் பதினான்கு ஆண்டுகள் காத்தவர். அவர் கதையைச் சொல்ல அவரிடமே அனுமதி கேட்டேன். தலையசைத்தார். அவர் எல்லாவற்றுக்கும் தலையசைக்கிறார் என்பது வேறு விஷயம்.

சென்ற ஆண்டு ஒரு காலைப் பொழுதில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கை போயிற்று. வலக்கால் பாதி போயிற்று. வாய்ப்பேச்சு முழுவதும் போயிற்று. நினைவு போகவில்லை, அறிவு போகவில்லை, கோபம் கொஞ்சமும் போகவில்லை. சொல் மட்டும் வரவில்லை. நான்கு மாதம் ஒரு சொல்லும் வரவில்லை.

நான் தினமும் கடை திறக்குமுன் அவர் வீட்டுக்குப் போவேன். அங்கே அவருடைய மகள் ஷாஸியா கைப்பேசியில் ஒரு விளையாட்டைக் காட்டுவாள். உலகத்துக் கால்பந்து வீரர் ஒருவரின் பெயர், நாளுக்கு ஒன்று, ஆங்கில எழுத்துகளாகக் கட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும். ஆறு முறை ஊகிக்கலாம். எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை. எழுத்து சரி, இடம் தவறு என்றால் மஞ்சள். எழுத்தே இல்லையென்றால் சாம்பல் நிறம். நான் ஒரு பெயரைத் தட்டுவேன், எல்லாம் சாம்பல். இன்னொன்று தட்டுவேன், அப்படி ஒரு வீரரே கிடையாது என்று கைப்பேசி என்னைக் கண்டிக்கும். லியாகத் இடக்கை விரலால் எழுத்தைத் தொட்டுக் காட்டுவார். குழப்பமாக இருக்கும். ஒருநாள் குர்துவா என்று ஒரு பெல்ஜியத்துக்காரர் பெயர் வந்தது. கடைசியில் ஓர் எழுத்து நிற்கிறது, அதற்கு ஓசையே இல்லையாம். எழுத்து இருக்கிறது, ஓசை இல்லை! நான் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். எதிரில் லியாகத்தின் முகம். சிரிப்பு நின்றுவிட்டது.

அதன்பின் ஒரு வியாழக்கிழமை. ஐந்து கட்டம், ஐந்து ஊகமும் தீர்ந்து ஒன்றே ஒன்று மிச்சம். ஷாஸியா துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தாள். கைப்பேசி என் கையில். அப்போது என் நண்பரின் உதடு துடித்தது. தொண்டை அசைந்தது. நான்கு மாதத்துக்குப் பின் அந்த வாயிலிருந்து ஒரு சொல் பிறந்தது. என்ன சொல்?

"நோயர்."

தமிழன்பர்களே, நோயர் என்றால் நோயுற்றவர் என்று பொருள். "இன்னா மாமு, துன்னியா" என்பதைத் தாண்டி வாழ்நாளில் ஒருநாளும் இலக்கியத் தமிழ் பேசாத லியாகத் அலி, தன் துயரத்தைச் செந்தமிழில் உரைத்துவிட்டார் என்று என் உள்ளம் உருகியது! அவர் கையைப் பற்றி, நீ நோயர் அல்ல, நீ நலம்பெறுவாய் என்று கண்ணீர் விட்டேன். அவர் என் தொடையில் ஓங்கி அடித்தார். மறுபடியும் நோயர் என்றார். மறுபடியும் அழுதேன். மறுபடியும் அடித்தார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஷாஸியா கைப்பேசியை வாங்கி ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தைத் தட்டினாள். ஐந்தும் பச்சை. நோயர் என்பது ஜெர்மனி நாட்டுக் கோல்கீப்பரின் பெயராம்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். லியாகத்தின் மனைவி மரியம் அக்கம்பக்கத்தை அழைத்துச் சர்க்கரை கொடுத்தார். ஷாஸியா மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மறுநாள் அவள் விளையாட்டைத் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. அப்பா பேசிவிட்டார், மகள் ஏன் வாடுகிறாள்? எனக்குப் புரியவில்லை. அவளிடமே கேட்டேன்.

"பொறந்ததுலேர்ந்து இந்த வூட்லதான் கீறேன் மாமா. அத்தா வாயில என் பேரு வரல. டிவில பாத்தவன் பேரு வருது."

மருத்துவரிடம் போய்க் கேட்டேன். பழகிய சில சொற்கள் வேறு வழியாகத் தாமே வந்துவிடும், வரவழைக்க நினைத்தால் வராது, பாசத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார். கேட்கும்போது புரிந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது புரியவில்லை.

ஆகவே நானே ஒன்று செய்தேன். ஓர் அட்டையில் மூன்று கட்டம் வரைந்தேன். ஷா, ஸி, யா. மூன்றே எழுத்து. லியாகத்திடம் இடக்கையில் பேனாவைக் கொடுத்து, உன் மகள் பெயரை எழுது என்றேன். அவர் எழுத முயன்றார். நெற்றி வியர்த்தது. நான் சும்மா இருப்பேனா? மேடைப்பேச்சாளன் ஆயிற்றே! ஷா, ஷா என்று எடுத்துக் கொடுத்தேன். இன்னும் உரக்கக் கொடுத்தேன். அவர் பேனாவை வீசி எறிந்தார். மரியம் அதைப் பொறுக்கி அவர் மடியில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"நீங்களே சொல்லிகினு இருந்தா அவரு இன்னாத்த சொல்றது அண்ணே? கொஞ்சம் கம்முனு இருங்க."

ஐம்பது மேடை கண்ட என்னை ஒருவர் வாயை மூடச் சொன்னது அதுவே முதன்முறை. மூடினேன். கால் மணி நேரம் நானும் மரியமும் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தோம். அவர் எழுதினார். முதல் எழுத்து தவறு. இரண்டாவது என்னவென்றே தெரியவில்லை. மூன்றாவது, கோணலாக, ஒரு யா.

தான் தோற்றுவிட்டதாக அவருக்குத் தெரிந்தது. அட்டையைத் தள்ளிவிட்டார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஷாஸியா உள்ளே வந்தாள். எதுவும் பேசாமல் தன் பையிலிருந்து பச்சை ஸ்கெட்ச் பேனா எடுத்து, கடைசிக் கட்டத்துக்கு மட்டும் நிறம் தீட்டினாள்.

"ஒண்ணு வந்துட்ச்சு அத்தா. மிச்சம் நாளைக்கு" என்றாள்.

தோழர்களே! அன்புக்கு அளவு எது? அழைக்கும் பெயரா? அந்தப் பெயர் வராத வாயா? வராது என்று தெரிந்தும் நாளைக்கு என்று சொல்லும் அந்த மகளின் நாவா? எனக்குத் தெரியாது. ஆஃப்சைடு தெரியாததைப் போலவே இதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மறுநாள் அவள் அட்டை வரைந்தாள். அதற்கடுத்த நாளும் வரைந்தாள். சில நாள் ஒரு பச்சை, சில நாள் ஒன்றுமில்லை. இரண்டு பச்சை வந்த பிறகு நான்கு நாள் எல்லாம் வெறுமை. பத்தொன்பதாம் நாள் மூன்று கட்டமும் பச்சை. எழுத வந்துவிட்டது. சொல்ல இன்னும் வரவில்லை. இன்று காலை வரைக்கும் வரவில்லை.

வெற்றி பெற்ற அணியின் பதினோரு பெயர்களையும் பழைய கோல்கீப்பர் ஒருவர் ஒலிபெருக்கியில் அழைப்பது இந்தக் கழகத்தின் வழக்கம். இம்முறை வேறு யாரையாவது வைத்துக்கொள்ளலாம் என்று தலைவர் தயங்கினார். லியாகத் ஒலிபெருக்கியைச் சுட்டிக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டார். அதற்கு மேல் யார் மறுப்பது?

பட்டியல் கோல்கீப்பரிலிருந்து தொடங்குகிறது. நம் பெண்கள் அணியின் கோல்கீப்பர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா காத்த அதே கம்பத்தைக் காத்தவள், கையுறையைக் கூடக் கழற்றாமல் அதோ படிக்கட்டில் நிற்கிறாள்.

ஆகவே என் அன்பு மக்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நேரம் ஆகும். தவறு வரலாம். வேறு பெயரே வரலாம். யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள். யாரும் கைதட்டி அவசரப்படுத்தாதீர்கள். கரைக்கு வரும் படகுக்காகக் காத்துப் பழகிய ஊர் இது. துறைமுக வாசலில் விடிய விடியக் காத்துப் பழகிய ஊர் இது. ஒரு மனிதரின் வாயிலிருந்து ஒரு பெயர் வரும்வரை நம்மால் காத்திருக்க முடியாதா?

வாய்ப்பளித்த தலைவருக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.

இந்தா லியாகத், மைக்கைப் பிடி. அவசரமில்லை.