எழுபத்தாறு இஞ்சு சந்து

மாமியார்: ...அப்படி இல்லம்மா, டேப்பை வளைக்காதே. இந்தக் கண்ணாடி நுனியிலேர்ந்து அந்தக் கண்ணாடி நுனி வரைக்கும் நேரா வரணும்.

மருமகள்: குனிய முடியல அத்தை. வயிறு இடிக்குது.

மாமியார்: உன்னை யாரு குனியச் சொன்னா? நுனியைப் பிடிச்சிட்டு சும்மா நில்லு, நான் சுத்தி வரேன். ...அறுபது. டேப்பு முடிஞ்சிடுச்சு. இங்க ஒரு கோடு போட்டுக்கறேன்.

கார்க்காரர்: அம்மா, அம்மா... வண்டி மேல சாக்பீஸா?

மாமியார்: தையல் சாக்கு தம்பி. தட்டினா போயிடும். முப்பது வருஷமா ஊரு முதுகுல எல்லாம் கோடு போட்டிருக்கேன். ஒருத்தர் மேலயும் தங்கினதில்ல.

கார்க்காரர்: பதினஞ்சு வருஷமா பழைய கார் விக்கிறேன். இஞ்சு டேப்போட வந்த முதல் ஆள் நீங்கதான்.

மாமியார்: அளவு எடுக்காம எப்படி வாங்கறது? ...பத்து. ஆக மொத்தம் எழுபது.

மருமகள்: எழுபத்தாறுல எழுபது போனா ஆறு. பக்கத்துக்கு மூணு இஞ்சு. போதுமா அத்தை?

மாமியார்: தாராளம். மூணு இஞ்சு லூஸ் விட்டா எப்பேர்ப்பட்ட உடம்பும் உள்ள போகும்.

கார்க்காரர்: எழுபத்தாறுன்னு என்னவோ சொல்றீங்களே...

மருமகள்: எங்க சந்து அண்ணே. ஒரு பக்கம் கரண்ட் கம்பம், இந்தப் பக்கம் எதிர் வீட்டுக்காரரு கட்டின படி. நடுவுல எழுபத்தாறு இஞ்சு. அதைத் தாண்டிட்டா வண்டி எங்க வாசலுக்கே வந்துடும். தாண்டலேன்னா மெயின் ரோட்டுல விட்டுட்டு நடக்கணும்.

கார்க்காரர்: பெரிய வண்டியா இருந்தாலும் கண்ணாடியை மடக்கிட்டா...

மாமியார்: வலி எடுத்தவளை உள்ள உக்கார வெச்சிட்டு, இறங்கி நின்னு கண்ணாடியை மடக்கச் சொல்றியா?

கார்க்காரர்: அது சரி... எப்போ நாள் சொல்லியிருக்காங்க தங்கச்சி?

மருமகள்: இன்னும் அஞ்சு வாரம். வீட்ல ஏற்கெனவே நாலு வயசுல ஒரு வாலு இருக்கு. ஸ்கூட்டர்ல அவ முன்னாடி நிப்பா, நான் பின்னாடி உக்காருவேன். இனிமே வரப்போறதை எங்க வெக்கிறது?

கார்க்காரர்: அதான் உங்க வீட்டுக்காரரு போன வாரம் வந்து அந்த மூலையில நிக்கிற நீள வண்டியைத் தடவிட்டுப் போனாரே. இன்னிக்கு நாலு மணிக்கு வந்து முடிச்சிக்கறேன்னாரு.

மருமகள்: தெரியும். அதனாலதான் நாங்க காலையிலயே வந்துட்டோம்.

மாமியார்: அதையும் அளந்துட்டேன் தம்பி, நீ டீ குடிக்கப் போனப்போ. எழுபத்தொன்பது. என் பையன் ஆசைப்பட்டா சந்து அகலமாயிடுமா?

கார்க்காரர்: சரி, உங்க இஷ்டம். இந்தச் சிவப்பு வண்டிதான் இப்போதைக்கு என்கிட்ட இருக்கிற சின்ன வண்டியிலயே தங்கம். அஞ்சே வருஷம். ஒரே ஆள் ஓட்டினது. உள்ள பாருங்க, சீட்டெல்லாம் புதுசு மாதிரி...

மாமியார்: ம்... கதவைத் திற.

மருமகள்: பளபளன்னு இருக்கு அத்தை. அவருக்கும் பிடிக்கும். சிவப்பு வேற.

மாமியார்: கொஞ்சம் பொறு. ...தம்பி, இந்த சீட்டுக்கு எப்போ உறை மாத்தினாங்க?

கார்க்காரர்: மாத்தவே இல்லைம்மா. கம்பெனி சீட்டு.

மாமியார்: என் காதுல பூ சுத்தாதே. இங்க வந்து பாரு, சீட்டுக்கு அடியில. கம்பெனி மிஷின்ல தைச்சா ஓட்டை எல்லாம் வரிசையா ஒரே அளவுல விழும். இதுல பழைய ஓட்டைக்குப் பக்கத்துலயே புது ஓட்டை. நூலும் வேற. உறையைப் பிரிச்சு எடுத்து, திரும்ப மாட்டி, கையால தைச்சிருக்காங்க.

கார்க்காரர்: கிழிஞ்சிருக்கும், தைச்சிருப்பாங்க...

மாமியார்: நாலு சீட்டும் ஒரே நாள்ல ஒரே இடத்துலயா கிழியும்? பஞ்சைக் காய வெக்கப் பிரிச்சிருக்காங்க தம்பி. இந்த வண்டி தண்ணிக்குள்ள நின்னிருக்கு.

மருமகள்: அண்ணே... உண்மையா?

மாமியார்: சீட்டு நகர்த்துற கம்பியில கையை வெச்சுப் பாரேன். துரு.

கார்க்காரர்: நானே ஏலத்துல வாங்கினப்புறம்தான் தெரிஞ்சிக்கிட்டேன்மா. இஞ்சின் நல்லா இருக்குன்னு மெக்கானிக் சொன்னான்...

மருமகள்: அதை எங்க தலையில கட்டலாம்னு பார்த்தீங்களா?

கார்க்காரர்: தப்புதான் தங்கச்சி. இனிமே ஏலத்துக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன்.

மாமியார்: கூலி கேப்பேன். அது இருக்கட்டும், அந்தச் சாம்பல் வண்டி? அதுவும் இதே அளவுதானே?

கார்க்காரர்: இதே மாடல்தான். ஆனா எட்டு வருஷம் ஆச்சு. பார்க்கவும் சுமார்தான். கதவுல ஒரு கீறல் வேற இருக்கு. நீங்க கேக்க மாட்டீங்கன்னுதான் பின்னாடி விட்டிருந்தேன்.

மாமியார்: கீறல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். திற.

மருமகள்: இது யாரோடது அண்ணே? இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லுங்க.

கார்க்காரர்: சத்தியமா சொல்றேன். ஒரு பல் டாக்டர். வீட்டுக்கும் கிளினிக்குக்கும் தவிர வேற எங்கயும் போகாத மனுஷன். பிள்ளைங்க வளர்ந்து வெளிய போயிட்டாங்க, அதான் கொடுத்துட்டாரு. லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கும். சர்வீஸ் பண்ண ரசீதெல்லாம் ஒண்ணு விடாம வெச்சிருக்காரு.

மாமியார்: ம்... இது கம்பெனி தையல். டிரைவர் சீட்டு ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு. உக்காந்து எழுந்தா தேயத்தானே செய்யும். நல்ல மனுஷன்தான் ஓட்டியிருக்காரு.

மருமகள்: பின்னாடி நான் உக்காந்து பாக்கறேன். ...இந்தப் பக்கம் சின்னதுக்கு சீட்டு வெக்கலாம். அந்தப் பக்கம் வாலு. நடுவுல நான். இடிக்கல அத்தை.

மாமியார்: இப்போ இடிக்காது. அவ தூங்கி உன் மேல சாயும்போது சொல்லு.

மருமகள்: டிக்கியில தள்ளுவண்டி போகுமா?

மாமியார்: மடிச்சா இருபத்தெட்டு இஞ்சு. டிக்கி முப்பத்தஞ்சு. போகும். மேல ஒரு பையும் வெக்கலாம்.

கார்க்காரர்: தள்ளுவண்டியையும் அளந்துட்டு வந்தீங்களா?

மாமியார்: கடையில இருந்ததை அளந்தேன். கார் முடிவாகாம தள்ளுவண்டி வாங்குவாங்களா?

மருமகள்: இருங்க, போன் அடிக்குது. அவருதான். ...ஹலோ. ம்... பார்த்துட்டே இருக்கோம்... இல்லைங்க, சோப்பு டப்பா மாதிரி எல்லாம் இல்ல... உங்க நீளக் காலுக்கு சீட்டைப் பின்னாடி தள்ளிக்கலாம்... அது சரி, உங்க வண்டி சந்துக்குள்ள எப்படி வரும்?... மெயின் ரோட்டுலயா? அப்போ அதுக்குக் காவலா நீங்க அங்கயே படுத்துக்குங்க... ஆமா, நான் சிரிச்சுட்டுத்தான் சொல்றேன், ஆனா நிஜமாத்தான் சொல்றேன்... சிவப்பா? அது தண்ணியில முங்கின வண்டி, உங்கம்மா கண்டுபிடிச்சிட்டாங்க... நாலு மணிக்கு வாங்க. கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். வெச்சிடறேன்.

கார்க்காரர்: என்ன சொன்னாரு?

மருமகள்: ஒண்ணும் சொல்லல. பெருமூச்சு விட்டாரு. அப்படின்னா சரின்னு அர்த்தம்.

மாமியார்: அவங்கப்பாவும் அப்படித்தான்.

கார்க்காரர்: உங்க வீட்டுக்காரரு எங்க வேலை பாக்கறாரு?

மருமகள்: தண்ணி சுத்தம் பண்ற நிலையத்துல. பம்பு ஓடற சத்தத்துல போன் அடிச்சாலும் கேக்காது. இப்போ டீ நேரம், அதான் பேசினாரு.

கார்க்காரர்: கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க... வண்டி வாசல்ல நிக்கும். அவரு பம்புக்குப் பக்கத்துல நிப்பாரு. திடீர்னு வலி எடுத்தா வண்டியை யாரு எடுப்பாங்க?

மருமகள்: ...அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்.

மாமியார்: அதெல்லாம் பாத்துக்கலாம். நீ பேச்சை மாத்தாதே தம்பி. டிரைவர் சீட்டுல உக்காந்து மிதிச்சா, இந்த கிளட்ச் ஏன் இவ்வளவு மேல பிடிக்குது? கொஞ்சம் இறக்கி வெக்கணும் போலிருக்கே.

கார்க்காரர்: ...அம்மா?

மருமகள்: அத்தை. கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமியார்: ஏன், தையல் மிஷின் மிதிக்கிறவளுக்குக் கால்ல அறிவு இருக்காதா?

மருமகள்: தையல் மிஷின்ல கிளட்ச் இருக்கா?

மாமியார்: எல்லாத்தையும் துருவித் துருவிக் கேக்காதே.

மருமகள்: பட்டன் கடையில யாராவது சொல்லிக் கொடுத்தாங்களோ?

மாமியார்: எந்தப் பட்டன் கடை?

மருமகள்: நீங்கதானே தினம் காலையில ஆறு மணிக்குப் பட்டன் வாங்கிட்டு வரேன்னு போறீங்க. மூணு மாசமா போறீங்க. என் சட்டையில ரெண்டு பட்டன் இன்னும் இல்ல.

மாமியார்: அது... மொத்தக் கடை. சீக்கிரமே திறப்பான்.

கார்க்காரர்: சரி, சரி. நான் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டறேன், ரெண்டு பேரும் பின்னாடி உக்காருங்க.

மாமியார்: வேண்டாம். நீ பக்கத்துல உக்காரு. சாவியைக் கொடு.

கார்க்காரர்: யாரு ஓட்டறது?

மாமியார்: நான்தான்.

கார்க்காரர்: அம்மா, விளையாடாதீங்க. லைசென்ஸ் இல்லாம...

மாமியார்: இந்தா. போட்டோவைப் பார்க்காதே, அதுல மூஞ்சி கொஞ்சம் கோணலா விழுந்திருக்கு. தேதியைப் பாரு.

மருமகள்: ...போன செவ்வாய்க்கிழமை.

மாமியார்: முதல் தடவையே பாஸ். ரிவர்ஸ்ல எட்டுப் போடச் சொன்னாங்க. காலர் வெட்டுற கைக்கு அதெல்லாம் ஒரு வளைவா?

மருமகள்: அத்தை... ஐம்பத்து நாலு வயசுல... எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல...

மாமியார்: சொல்லியிருந்தா உன் புருஷன் விட்டிருப்பானா? 'எங்கயாவது மோதி கையை உடைச்சிக்காதே'ன்னு வீட்டையே ரெண்டாக்கியிருப்பான். தோத்துப்போனா யாருக்கும் தெரிய வேண்டாம்னு நினைச்சேன். அதான்.

கார்க்காரர்: எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்? கூப்பிட்டா வாடகை வண்டி வருமே.

மாமியார்: வருமா? நாலு வருஷத்துக்கு முன்னாடி இவளுக்கு வலி எடுத்தப்போ கூப்பிட்டேன். மழை. வரேன் வரேன்னு சொல்லிட்டு ஒருத்தனும் வரல. என் பையன் போனை எடுக்கல. நானும் இவளும் மெயின் ரோட்டுல நின்னோம். போற வர்ற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டினேன். பத்து வண்டி தம்பி, எண்ணிட்டே இருந்தேன். பத்தும் நிக்காம போச்சு. இவ பின்னாடி நின்னு என் தோளைப் பிடிச்சிட்டிருந்தா. பேசக்கூட இல்ல. பிடி மட்டும் இறுகிட்டே போச்சு. கடைசியா ஒரு காய்கறி வண்டிக்காரன் நிறுத்தினான். மூட்டை மேல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனேன்.

மருமகள்: அத்தை, அதெல்லாம் இப்போ எதுக்கு...

மாமியார்: சொல்ல விடு. நல்லபடியா பொறந்துது, எல்லாரும் மறந்துட்டீங்க. எனக்கு மறக்கல. இவ பயந்ததை விட நான் அதிகமா பயந்தேன். மறுபடியும் இவ முழுகாம இருக்கான்னு சொன்ன அன்னிக்கே நினைச்சிட்டேன், இந்தத் தடவை எவனுக்கும் கையைக் காட்டிட்டு நிக்க மாட்டேன்னு. ஆனா எங்க போய்க் கத்துக்கறது, யாரைக் கேக்கறதுன்னு தெரியல. வெக்கமா வேற இருந்துது.

கார்க்காரர்: அப்புறம் எப்படிம்மா...

மாமியார்: வழி தானா வந்துது. ஒரு பொண்ணு பேன்ட்டோட இடுப்பைப் பிரிச்சு லூஸ் பண்ணக் கொண்டு வந்தா. டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்கறவளாம். உக்காந்து என் காலையே பார்த்துட்டிருந்தா. 'மிஷின் மிதிக்கிற காலுக்கு கிளட்ச் ஒரே வாரம்தான் அம்மா'ன்னா. நான் சிரிச்சு அனுப்பிட்டேன். விட்டாளா? அடுத்த நாள் இன்னொரு பேன்ட். அதுக்கு அடுத்த நாள் இன்னொண்ணு. நாலாவது பேன்ட்டுக்கு நான் சரின்னுட்டேன். தங்கமான பொண்ணு. ஒண்ணுதான் எனக்குப் புரியல. அவ இருந்ததே ஈர்க்குச்சி மாதிரி, எதுக்கு நாலு பேன்ட்டுக்கும் இடுப்பைப் பிரிக்கச் சொன்னா?

மருமகள்: அவ என் கூடப் படிச்சவ அத்தை. நாலு பேன்ட்டையும் கொடுத்து உங்க கடைக்கு அனுப்பினது நான்தான். நான் நேரா கேட்டிருந்தா 'இந்த வயசுல எனக்கு எதுக்கு'ன்னு சொல்லியிருப்பீங்க. அன்னிக்கு மழையில எனக்குப் பிடிச்சுக்க உங்க தோள் மட்டும்தான் இருந்துது... இந்தத் தடவையும் நீங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும். வேற யாரு ஓட்டினாலும் எனக்குப் பயம். ஸ்டார்ட் பண்ணுங்க.