புலி வண்டுகளின் கரை

புலி வண்டைப் பிடிக்க வேண்டுமானால் துரத்தக் கூடாது, ஐயா. ஓடுகிற வேகத்தில் அதற்கே கண் தெரியாது. கொஞ்சம் ஓடி, நின்று பார்த்துவிட்டு, மறுபடி ஓடும். நிற்கும்போது வலையைப் போட்டால் போதும். ஆராய்ச்சிக்கு வந்த நாளிலிருந்து இதுதான் என் வேலை. பொறுமைசாலி என்று வீட்டிலும் சொல்வார்கள்.

அந்த ஆற்று மணல்தான் அவற்றுக்கு உலகம். வண்டின் புழு மணலில் செங்குத்தாகத் துளை போட்டு, தலையால் துளையின் வாயை அடைத்துக்கொண்டு காத்திருக்கும். எறும்பு வந்தால் ஒரே கவ்வு. மேட்டில் துளை முழங்கை ஆழம் போகும். தண்ணீரோரம் ஒரு சாண்கூட இருக்காது. அடியில் சேறு என்று புழுவுக்குத் தெரியும். அதைப் பார்த்து எனக்கும் தெரியும்.

மணல் அள்ள பொக்லைன் வந்தது. டிரைவர் நல்ல பிள்ளை. மேட்டு வழியாகத்தான் இறக்கப் பார்த்தான். துளைகள் நெருக்கமாக இருப்பதே அங்கேதான். தண்ணீரோரமாகப் போகச் சொன்னேன்.

"மண்ணு தாங்குமா அக்கா?"

"நான் தினமும் நடக்கிற இடம்தாம்பா."

அதில் பொய் இல்லை.

பாதி தூரத்தில் வண்டி ஒருக்களித்து, அவசரமில்லாமல் உட்கார்ந்தது. கேபின் கதவு சேற்றுக்குள் போய்விட்டது. "அக்கா, யாரையாவது கூப்பிடுங்க" என்று கண்ணாடியைத் தட்டினான். போன் என் கையில்தான் இருந்தது. அக்கரையில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் அத்தனை பேரும் ஓடிவந்தால் மேடு என்னாகும்? உட்கார்ந்துவிட்டேன். தட்டல் குறைந்தது, நின்றது. அதிர்வுக்குப் பயந்து உள்ளே இறங்கியிருந்த புழுக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து தலை காட்டின. மனசு நிறைந்திருந்தது, ஐயா. மறைப்பானேன்.

இப்போதெல்லாம் வீட்டுத் தரை அமிழ்கிறது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கல்லு மாதிரி இருக்கும்மா" என்று குதித்துக் காட்டினார். அவர் குதித்த இடத்திலிருந்து "அக்கா" என்று கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

டிரைவரின் மனைவி வந்திருந்தாள். "கடைசியில பக்கத்துல யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"நான் இருந்தேன்மா. கடைசிவரைக்கும் நகரவே இல்ல."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரும் பக்கத்தில் இல்லாமல் எத்தனை பேர் சாகிறார்கள். அவனுக்கு நானாவது இருந்தேன்.