முப்பத்தோராவது இருக்கை

இந்தப் புள்ளிவிவரங்களை இத்துடன் ஓரமாக வைத்துவிடுகிறேன், அவையோரே. படிக்கப் படிக்க எனக்கே தலை சுற்றுகிறது. வெளியுறவுக் கொள்கையின் குறிக்கோள்கள் ஏன் இலக்கை எட்டுவதில்லை என்றுதானே கேட்டீர்கள்? அதற்கு ஒரு குட்டிக் கதை வைத்திருக்கிறேன்... கேட்கிறீர்களா?

ஊர் பேரைக் கேட்காதீர்கள். அலுவலகத்தின் பேரையும் கேட்காதீர்கள். நான் சொல்லி, அதனால் கதையில் வரும் அந்த அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாம்.

ஒரு கடல். இந்தக் கரையில் ஒரு நாடு, அந்தக் கரையில் ஒரு நாடு. நம் மீனவர்கள் எல்லை தாண்டினார்கள் என்று அந்தக் கரையில் பிடித்து வைத்திருந்தார்கள். இந்தக் கரை அரசாங்கம் ஒரு குறிக்கோளை அறிவித்தது. 'நம் மீனவர்கள் வீடு திரும்ப வேண்டும்.' நல்ல குறிக்கோள்தானே? அதற்கு ஓர் இலக்கும் வைத்தார்கள். 'கைதான முப்பத்தொரு பேர், தொண்ணூறு நாளில்.' வெள்ளிக்கிழமை கப்பல் வரும் என்று செய்தியும் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அந்த அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். பேர் கித்தேரி என்று வைத்துக்கொள்வோம். நிறைமாதம். அங்கே தணிகாசலம் என்று ஓர் அதிகாரி. நல்ல மனிதர். எழுந்து தன் நாற்காலியையே தள்ளிக் கொடுத்தார்.

"புருஷன் பேரு சொல்லும்மா."

"செலஸ்டின் சார்."

பட்டியலைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "காணோமே... எந்த ஜெயில்ல இருக்காரு?"

"ஜெயில்ல இல்ல சார். எஞ்சின் நின்னு போட் அந்தப் பக்கம் ஒதுங்கிட்டு. அங்க உள்ள மீன்காரவுக காப்பாத்தி, அவுக வீட்டுலயே வச்சிருக்காவ. மூணு வேளையும் சோறு போடுறாவ."

"அப்ப... கைதே ஆகலையா?"

"இல்ல சார்."

"அடப் பாவமே!" என்றார் தணிகாசலம்.

கவனித்தீர்களா? கைதாகவில்லை என்றதும்... அடப் பாவமே!

"கைதாகியிருந்தா வெள்ளிக்கிழமை கப்பல்லயே வந்துருப்பாரும்மா. கைதானவங்களுக்கு மட்டும்தான் எனக்கு அனுமதி. சரி, காணாமப்போனவங்க பட்டியல் இன்னொண்ணு இருக்கு..." கொஞ்சம் யோசித்தார். "அதுலயும் சேர்க்க முடியாது. அவர் எங்க இருக்கார்னு உனக்குத் தெரியுதே!"

கித்தேரி என்ன செய்தாள்? வாசலுக்கு வந்து அந்தக் கரைக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கைதாகிட்டு வாங்க."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஊர்ல எல்லாரும் புருஷனை வெளிய எடுக்க அலையுதாளுவ, நீ உள்ள போகச் சொல்லுத!"

"உள்ள போனாத்தான் வெளிய வர முடியுமாம்."

"எவன் சொன்னான்?"

"நல்லவருதான். நாற்காலியெல்லாம் குடுத்தாரு."

செலஸ்டின் போனான். அந்தக் கரை இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "வந்து எத்தனை நாள்?"

"பதினோரு நாள், ஐயா."

"இத்தனை நாள் யார் வீட்டுல இருந்த? உன்னைப் பிடிச்சா, உனக்குச் சோறு போட்டவனையும் நான் பிடிக்கணும். பரவாயில்லையா?"

செலஸ்டின் திரும்பி நடந்துவிட்டான். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

வெள்ளிக்கிழமை வந்தது. அந்தக் கரைத் துறைமுகத்தில் முப்பத்தொரு இருக்கையோடு கப்பல் நின்றது. ஏறியவர்கள் எத்தனை பேர்? முப்பது! ஒருவருடைய வழக்கு அன்று காலைதான் தள்ளிப்போயிருந்தது. இந்தக் கரைத் துறைமுகத்தில் நின்று போனில் கணக்குக் கேட்ட தணிகாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, இலக்குல ஒண்ணு குறையுதே!"

வரவேற்க மாலையோடு அங்கே காத்திருந்த கூட்டத்துக்கு நடுவிலிருந்து கித்தேரி ஓடி வந்தாள். "சார், ஒரு ஆளு குறைஞ்சா நான் தர்றேன் சார்! அந்தா... அந்தக் கரையில, கப்பலுக்குப் பக்கத்துலயே நிக்காவ. சட்டையெல்லாம் பையில எடுத்து வச்சிட்டு நிக்காவ. கையை நீட்டி ஏத்திக்கிட்டா போதும் சார்!"

தணிகாசலம் அவளைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்... அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தக் கரையில் கப்பல் கிளம்பிவிட்டது.

அன்று அனுப்பிய அறிக்கையில் அவர் எழுதினார்: 'இலக்கு முப்பத்தொன்று. எட்டியது முப்பது. குறைவுக்குக் காரணம், தகுதியான நபர் இல்லை.'

ஞாயிற்றுக்கிழமை கித்தேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் முதல் அழுகையைச் செலஸ்டின் போனில் கேட்டான்.

இப்போது சொல்லுங்கள், அவையோரே... யார் மேல் தப்பு? தணிகாசலம் மேலா? அவர் நாற்காலியைக் கொடுத்தவர். இன்ஸ்பெக்டர் மேலா? அவர் சோறு போட்ட வீட்டைக் காப்பாற்றியவர். பட்டியல் எழுதியவர் மேலா? அவர் மேலிடம் சொன்னதை எழுதியவர். நானும் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். கெட்டவர் ஒருத்தர் கிடைத்தால் திட்டிவிட்டு உட்காரலாம். கிடைக்கவில்லை. எனக்குக் குழப்பம்தான் மிச்சம்.

ஆனால் ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. குறிக்கோளில் 'வீடு திரும்ப வேண்டும்' என்று இருந்தது. இலக்கில் 'கைதானவர்கள்' என்று இருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில், பையோடு ஒரு மனிதன் நின்றான். இலக்கை எழுதியபோது கித்தேரியைப் போல ஒருத்தியிடம் கேட்டிருந்தால், அவன் அங்கே நின்றிருக்க மாட்டான்.

முப்பத்தொன்றுக்கு முப்பது என்று யாராவது மேடையில் படித்தால் தாராளமாகக் கை தட்டுங்கள், முப்பது வீட்டில் அன்று விளக்கு எரிந்தது. தட்டி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் காலி இருக்கைக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள்?

இப்போது புதுப் பட்டியல் வந்திருக்கிறதாம். கடைசியில் ஒரு கட்டம் சேர்த்து, 'இதர' என்று போட்டிருக்கிறார்களாம். செலஸ்டின் இப்போது 'இதர'. அவன் குழந்தை குப்புற விழுந்துவிட்டது. 'இதர'வுக்கு இலக்கு எத்தனை என்று கித்தேரி போன வாரம் போய்க் கேட்டாள்.

இன்னும் முடிவாகவில்லையாம்.