பூனைக்கு வெள்ளிக்கிழமை தெரியாது

தெஹிவளை பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

“எங்கட பூனை வெள்ளிக்கிழமையில பட்டினியடி. அண்டைக்கு வீட்டில மீன் வாசமே கூடாதெண்டு மாமியின்ர சட்டம். தயிர்ச்சோறு வச்சால் என்னை முறைக்குது.”

“கடையில பூனை பிஸ்கட் வாங்கிக் குடன்.”

“யானை விலை! அதையும் வாங்கி வச்சன். மணந்துபோட்டுத் திரும்பிப் படுத்திட்டுது.”

“அப்ப என்னடி செய்யிறாய்?”

“போன வெள்ளிக்கிழமை அதுவே வழி கண்டுபிடிச்சிட்டுது. பக்கத்து ஃபாத்திமா அக்கா வீட்டில மீன்தலை, சும்மா. தேடிப் போனால், பூனைக்குப் பக்கத்தில எங்கட மாமி இருந்து மீன் பொரியல் சாப்பிடுறா!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை சைவம்தான்; அன்றும் வெள்ளி. பையிலிருந்த, மீன் வைத்த பணிஸ் ரொட்டி வீட்டில் மணக்குமோ என்று பயந்து, மூன்று நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, நின்றபடியே தின்று முடித்தேன்.